டெனர் ரெக்கார்டர் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். மகள் மூன்றாம் வகுப்பில் சின்ன ரெக்கார்டர் ஊதக் கற்றுக்கொண்டு ஆறே மாதத்தில் விட்டுவிட்டாள். மேசை இழுப்பறையில் கிடந்ததை எடுத்து ஊதிப் பார்த்தது நான். அங்கிருந்து டெனருக்கு வந்து, இப்போது வாரம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி வாசிக்கும் குழுவில் உட்கார்கிறேன். இதைக் கேள்விப்பட்ட சென்னை நண்பர்கள், லண்டன் மச்சினி, இங்கே தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் யாழ்ப்பாணத்து அக்காமார் என்று எல்லோரும் மாறி மாறி ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

ரெக்கார்டர்னா பாட்டைப் பதிவு பண்ற மெஷின்தானே? அதை எப்படி ஊதறது?

பெயர்தான் குழப்பம். பழைய ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்ற சொல்லுக்கு ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடி மனத்தில் ஏற்றிக்கொள்வது என்றும் பொருள் இருந்தது. அப்படி வந்த பெயர் இது. பதிவு செய்யும் இயந்திரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் குழலுக்கு அந்தப் பெயர் இருந்தது. ஜெர்மனியில் இதை ப்ளோக்ஃப்ளோட்டெ என்கிறார்கள். வாய் வைக்கும் இடத்தில் ஓர் அடைப்புக் கட்டை இருக்கிறதே, அந்தக் கட்டையை வைத்து வந்த பெயர்.

விசில் எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான் இதுவும். ஊதும் காற்று ஒரு குறுகிய பாதை வழியே போய்க் கத்தி முனை மாதிரி ஓர் விளிம்பில் மோதும்போது சத்தம் பிறக்கிறது. முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. உதட்டைக் குவித்துக் கோணம் பார்க்கும் வேலை இல்லை. அதனால் முதல் நாளே சத்தம் வந்துவிடும். நல்ல சத்தம் வருவது வேறு கதை.

டெனர்னா என்ன? எத்தனை சைஸ் இருக்கு?

நிறைய உண்டு, ஆனால் நமக்குத் தேவை நாலு. பள்ளிப் பிள்ளைகள் ஊதுவது சொப்ரானோ, ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். அடுத்தது ஆல்டோ, 47 சென்டிமீட்டர் போல. அதற்கடுத்து டெனர், சுமார் 65 சென்டிமீட்டர். அதைவிடப் பெரியது பேஸ். இங்கிலாந்தில் சொப்ரானோவை டெஸ்கண்ட் என்றும் ஆல்டோவை ட்ரெபிள் என்றும் சொல்வார்கள். லண்டன் கடைத் தளத்தில் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

டெனரின் மிகக் கீழ்ச் சுரம் பியானோவின் நடு சி. நம் கணக்கில் ஒரு கட்டை ஸ்ருதி. சொப்ரானோவுக்கும் டெனருக்கும் விரல் வைக்கும் முறை ஒன்றேதான். டெனர் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவுதான். ஆல்டோவும் பேஸும் எஃப்பில் தொடங்குகிறவை. அவற்றுக்கு விரல்களை வேறு பெயரில் பழக வேண்டும்.

முதல்லயே டெனர் வாங்கலாமா? சின்னதுல ஆரம்பிக்கணும்னு சொல்றாங்களே?

பெரியவர்கள் தாராளமாக டெனரிலேயே தொடங்கலாம். மனிதக் குரலின் உயரத்திலேயே பேசும் குழல் இது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு எட்டு மணிக்கு ஊதினாலும் பக்கத்து வீட்டுக் கதவு திறக்காது. சொப்ரானோவை அப்படி ஊதிப் பாருங்கள், தெரியும்.

ஆனாலும் ஒரு யோசனை சொல்வேன். ரெக்கார்டர் நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாத நிலையில் இருந்தால், முதலில் ஒரு பிளாஸ்டிக் சொப்ரானோ வாங்கி ஒரு மாதம் ஊதுங்கள். இந்தியாவில் சில நூறு ரூபாய், இங்கே இரண்டு பேர் காபி குடிக்கும் காசு. கற்ற விரலமைப்பு அப்படியே டெனருக்கு வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மட்டும் டெனர் வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

என் கை ரொம்பச் சின்னது. எட்டுமா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எந்த பிராண்ட், என்ன மரம் என்று கேட்கிறவர்கள் அதிகம். கை எட்டுமா என்று கேட்கிறவர்கள் குறைவு. டெனர் வாங்கிவிட்டுப் பெட்டியில் போட்டவர்களில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் கை எட்டாமல்தான் போட்டார்கள். ஒரு துளையில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் கீழ்ச் சுரங்கள் கரகரக்கும், அல்லது வரவே வராது. ஊதுகிறவர் தனக்கு மூச்சு சரியில்லை, இசை ஞானம் இல்லை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் மோதிரவிரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும்.

கடைக்குப் போக முடிந்தால் குழலை ஊதாமல், முதலில் பிடித்து மட்டும் பாருங்கள். இடது கை மேலே, வலது கை கீழே. விரல் நுனியால் மூடாதீர்கள், நுனிக்குக் கீழே உள்ள சதைப்பகுதி துளையின் மேல் தட்டையாக உட்கார வேண்டும். எல்லாத் துளையையும் மூடி ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். பிறகு கையை எடுத்து விரல்களைப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் முழு வட்டமாகத் துளையின் தடம் பதிந்திருக்க வேண்டும். ஏதாவது விரலில் பிறை மாதிரி அரை வட்டம் மட்டும் தெரிந்தால் அந்த விரல் எட்டவில்லை. பெரும்பாலும் அது வலது கை மோதிரவிரலாக இருக்கும், இல்லையென்றால் இடது கை மோதிரவிரல்.

கடையே இல்லாத ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு வழி. ஒரு சொப்ரானோவின் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, அதை இரட்டிப்பாக்கி, ஒரு அங்குல பிவிசி குழாயில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளில் வலியில்லாமல் விரல் வைக்க முடிந்தால் எந்த டெனரும் உங்களுக்கு எட்டும். உண்மையான டெனரில் தூரம் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், துளைகளைச் சாய்வாகக் குடைந்து சரிக்கட்டியிருப்பார்கள். அதனால் மயிரிழையில் எட்டவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம்.

விரல் நீளமாக இருந்தும் முழங்கையை முழுக்க நீட்ட வேண்டியிருக்கிறது என்றால் சிக்கல் கையின் நீளத்தில். அதற்குத் தலைப்பகுதி வளைந்த டெனர்கள் உண்டு. குழல் உடம்புக்கு நெருக்கமாக வரும். விலைதான் ஏறும்.

கீ இருக்கிறது, கீ இல்லாதது, டபுள் கீ... எது வேணும்?

கடைசித் துளை சுண்டுவிரலுக்கு. டெனரில் அது வெகு தூரத்தில் இருப்பதால் அங்கே ஒரு நெம்புகோல் வைத்துவிடுகிறார்கள். அதுதான் கீ. கீ இல்லாத டெனர்களும் விற்கிறார்கள். விலை குறைவு, பார்க்க அழகு, பெரிய கைக்காரர்களுக்கு மட்டும்.

ஒரு கீ இருந்தால் கீழ் சி சுலபமாக வரும். ஆனால் அதற்கு அரைச் சுரம் மேலே உள்ள சி ஷார்ப் ஒழுங்காக வராது, மூடி பாதியில் நிற்காதே. இரட்டைக் கீ இருந்தால் இரண்டும் வரும். முதல் வருடத்தில் மேற்கத்திய மெட்டுகள் மட்டும் என்றால் ஒரு கீயே போதும். கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை வாசிக்கும் எண்ணம் இருந்தால் இரட்டைக் கீ கட்டாயம் வேண்டும்; ஏன் என்பதைக் கர்நாடக இசை பற்றிய பதிலில் சொல்கிறேன். பட்ஜெட் இடம் கொடுத்தால் யோசிக்காமல் இரட்டைக் கீ.

இன்னொன்று. கீ உள்ள கால்பகுதியை, அதாவது குழலின் அடித்துண்டை, திருப்பி வைக்க முடியும், அது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் சுண்டுவிரல் இயல்பாக எங்கே விழுகிறதோ அங்கே கீ வரும்படி திருப்புங்கள். நான் முதல் இரண்டு வாரம் மற்ற துளைகளுக்கு நேர்கோட்டில் வைத்து மணிக்கட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். குழுவில் ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் கால்பகுதியைக் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போனார்.

சரி, பேரைச் சொல்லுங்க. எதை வாங்கணும்?

புதியவருக்குப் பிளாஸ்டிக், அதிலும் இரண்டு ஜப்பானிய நிறுவனங்கள்: யமஹா, அவுலோஸ். யமஹாவில் ஒய்ஆர்டி 304பி என்ற வரிசை. அவுலோஸில் 511பி சிம்பொனி, அதற்குக் கீழே ராபின் வரிசை. எதை வாங்கினாலும் ஆன்லைனில் கால்பகுதிப் படத்தைப் பெரிதாக்கி, ஒரு கீயா இரண்டா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரே பெயரில் பழைய வார்ப்பும் புதிய வார்ப்பும் கடைகளில் சுற்றுகின்றன.

இங்கே புதுப் பிளாஸ்டிக் டெனர் ஏறத்தாழ நூறு யூரோவைச் சுற்றி வரும், கொஞ்சம் முன்பின். இரண்டில் எது என்று பிடிவாதமாகக் கேட்டால், உங்கள் கைக்கு எது எட்டுகிறதோ அது. ஒலியில் உள்ள வித்தியாசம் தொடக்கக்காரர் காதுக்கும் தெரியாது, கேட்கிறவர் காதுக்கும் தெரியாது. நான் வைத்திருப்பது யமஹா. மச்சினி அவுலோஸ் வாங்கினாள். ஒரே அறையில் கண்ணை மூடிக் கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்ல வராது.

ஆன்லைன்ல 'டெனர்'னு போட்டு ரொம்ப மலிவா ஒண்ணு இருக்கு. வாங்கிடவா?

நீளத்தைப் பாருங்கள். 33 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் அது சொப்ரானோ, தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 65க்குப் பக்கத்தில் இருந்தால்தான் டெனர். நீளமே போடவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பெயர் தெரியாத பிளாஸ்டிக் குழல்களில் வார்ப்பு சரியாக இருக்காது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் ஸ்ருதி சேராது. அனுபவசாலி மூச்சால் சரிக்கட்டிவிடுவார், புதியவரால் முடியாது.

ஜெர்மன் ஃபிங்கரிங், பரோக் ஃபிங்கரிங்னு ரெண்டு இருக்காமே?

பரோக் வாங்குங்கள். இது நான் தயங்காமல் சொல்லும் ஒரே பதில்.

1920களில் பீட்டர் ஹார்லன் என்ற ஜெர்மானியர் எஃப் சுரத்தைச் சுலபமாக்கத் துளைகளை மாற்றி அமைத்தார். பரோக் முறையில் எஃப் வாசிக்க நடுவில் ஒரு விரலைத் தூக்கி அதற்குக் கீழே இரண்டை மூட வேண்டும். ஜெர்மன் முறையில் வரிசையாக விரல்களைத் தூக்கிக்கொண்டே போனால் எஃப் வந்துவிடும். குழந்தைக்கு வசதிதான். ஆனால் எஃப் ஷார்ப் கெட்டுப்போகும், மேல் ஸ்தாயியிலும் தொல்லை. முதல் மாதத்து வசதிக்காகப் பிறகு வருடக்கணக்கில் அவதி. இன்றும் இங்குள்ள பள்ளிகளில் ஜெர்மன் முறைக் குழல்கள் புழங்குகின்றன. என் மகளுடையதும் அதுதான். இந்தியக் கடைகளில் அதிகம் தென்படும் யமஹா 23 என்ற சொப்ரானோவும் ஜெர்மன் முறை; பரோக் வேண்டுமென்றால் 24பி.

கையில் உள்ளது எது என்று கண்டுபிடிக்க, முன்பக்கம் மேலிருந்து எண்ணி நாலாவது, ஐந்தாவது துளைகளைப் பாருங்கள். ஐந்தாவது சிறியதாக இருந்தால் ஜெர்மன், நாலாவது சிறியதாக இருந்தால் பரோக். புதிய டெனர்களில் பெரும்பாலும் பரோக்தான். இந்தச் சோதனை பழசு வாங்குகிறவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

மரம்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இல்லையா?

நல்ல மரக்குழலின் சத்தம் நல்ல பிளாஸ்டிக்கைவிட இனிமை, மறுக்கவில்லை. மோசமான மரக்குழல் நல்ல பிளாஸ்டிக்கைவிட எவ்வளவோ மோசம், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேப்பிள், பேரி மரத்தில் மொயெக், மொல்லன்ஹாவர் போன்ற ஜெர்மன் பட்டறைகளின் டெனர்கள் சில நூறு யூரோவில் தொடங்கும். அதற்குக் கீழே கிடைக்கும் மர டெனரைவிட யமஹா பிளாஸ்டிக் ஒழுங்காக வாசிக்கும்.

மரத்துக்கு உபசாரமும் வேண்டும். புதுக்குழலை முதல் வாரங்களில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதக் கூடாது, ஈரம் மெதுவாக ஊற வேண்டும். எண்ணெய் பூச வேண்டும். ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்கும் அங்கிருந்து மறுபடி ஏசிக்கும் போய்வந்தால் மரம் வெடிக்கலாம். ஒரு வருடம் பிளாஸ்டிக்கில் வாசித்துவிட்டு, காது மரம் வேண்டும் என்று கேட்டால் அதற்குப் போங்கள். பிளாஸ்டிக்கை அப்போதும் விற்க வேண்டாம். மழைக்கும் பயணத்துக்கும் அதுதான் உதவும்.

பழசு வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்?

பிளாஸ்டிக் என்றால் பயமில்லாமல் வாங்கலாம், கீயைச் சோதித்த பிறகு. நான் என் முதல் டெனரைப் பாதி விலைக்கு ஒருவரிடம் வாங்கினேன். எல்லாச் சுரமும் வந்தது, கீழ் சி மட்டும் வரவில்லை. மூன்று வாரம் மூச்சுப் பயிற்சி செய்தேன், பிராணாயாமம்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் கீயின் அடியில் உள்ள மெத்தையில் நகக்குறி மாதிரி ஒரு பள்ளம். காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

சோதிக்கும் விதம் இது. ஒரு மெல்லிய தாளைக் கீயின் மெத்தைக்கு அடியில் வைத்து, கீயை இலேசாக அழுத்தி, தாளை இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடித்து இழுக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கசிவு. அடுத்து தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு, குழலின் கீழ்முனையைத் தொடையில் அழுத்தி மூடி, எல்லாத் துளையையும் மூடி, மறுமுனையில் உறிஞ்சுங்கள். காற்று உள்ளே வராமல் பிடித்துக்கொண்டால் குழலில் கசிவில்லை. இணைப்புகளில் கீறல் விட்டிருக்கிறதா, ஊதுவாய்க்குக் கீழே உள்ள கத்தி விளிம்பு உடையாமல் இருக்கிறதா என்பதை வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

இங்கே பல வீடுகளின் பரணில் தாத்தா காலத்து மர டெனர் ஒன்று தூங்கும். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்டால் ஜெர்மன் ஃபிங்கரிங் பற்றிய பதிலில் சொன்ன நாலு, ஐந்து துளைச் சோதனையை முதலில் செய்யுங்கள். அந்தக் காலத்தவை பெரும்பாலும் ஜெர்மன் முறை. இசைப் பள்ளிகளில் வாடகைக்குக் கொடுக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

'415'னு எழுதியிருக்கிற ஒண்ணு நல்ல விலைக்கு வருது. அது என்ன நம்பர்?

ஸ்ருதி. இன்றைய வாத்தியங்கள் ஏ சுரத்தை 440 அல்லது 442 அதிர்வில் வைக்கின்றன. 415 என்பது பழைய பரோக் இசைக்காரர்கள் வைக்கும் ஸ்ருதி, ஏறத்தாழ அரைச் சுரம் கீழே. தனியாக வாசித்தால் ஒன்றும் தெரியாது. கீபோர்டோடோ மற்றவர்களோடோ சேர்ந்து வாசிக்கும்போது மானம் போகும். வேண்டாம்.

வாங்கிட்டேன். எல்லாம் வருது, கீழ் சி மட்டும் வரமாட்டேங்குது!

பழசாக இருந்தால் மேலே சொன்ன தாள் சோதனை. புதுசாக இருந்தால் விரல் தடச் சோதனை. இரண்டும் சரியென்றால் நீங்கள் பலமாக ஊதுகிறீர்கள். கீழே போகப் போக மூச்சைக் குறைக்க வேண்டும். குளிர்காலத்தில் கண்ணாடி ஜன்னலில் ஆவி படிய 'ஹா' என்று விடுவோமே, அந்த வேகமில்லாத சூடான மூச்சு. சூடான காபியை ஊதி ஆற்றுகிற மூச்சு டெனருக்கு ஆகாது.

சி-யிலிருந்து தொடங்காமல் ஜி-யிலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு இறங்குங்கள். எந்த விரலில் சத்தம் உடைகிறதோ அந்த விரல்தான் குற்றவாளி, சுண்டுவிரல்மீது பழி போடாதீர்கள்.

பத்து நிமிஷம் ஊதினா தொண்டை கட்டின மாதிரி சத்தம் ஆயிடுது. குழல் கெட்டுப்போச்சா?

இல்லை, காற்றுப்பாதையில் ஈரம் கோத்துக்கொண்டது. சூடான மூச்சு குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டு நீராகிறது. எச்சில் இல்லை அது, பெரும்பாலும் ஆவிதான். ஊதும் முன் தலைப்பகுதியைக் கழற்றி ஐந்து நிமிடம் அக்குளில் இடுக்கி வையுங்கள். எங்கள் குழுவில் சனவரி மாதம் எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நடுவில் அடைத்தால் ஒரு இழுப்பு உள்ளே இழுங்கள், நீர் போய்விடும்.

அடிக்கடி வந்தால், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டை நீரில் கலந்து காற்றுப்பாதைக்குள் விட்டு, துடைக்காமல் காய விடுங்கள். ஈரம் சொட்டாகத் திரளாமல் படலமாக வழிந்துவிடும். இது பிளாஸ்டிக்குக்கு. கத்தி விளிம்பைத் துணியாலோ விரலாலோ மட்டும் தொடாதீர்கள்.

ஒவ்வொரு சுரத்துக்கும் நாக்கால தட்டணுமாமே?

ஆமாம். 'து' என்று சொல்லித் தொடங்குங்கள், 'ஹு' என்று அல்ல. ஆங்கிலப் பாடக் காணொளிகளில் 'டு' என்பார்கள். தமிழ் நாக்கு அதை அண்ணத்தில் மடித்து 'டு' ஆக்கினால் சத்தம் வெடிக்கும். பல்லில் பட்டும் படாமலும் வரும் நம் 'து' இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. 1535இல் வெனிசில் கனாஸி என்பவர் ரெக்கார்டருக்கு எழுதிய பாடநூலில் 'தெகெ தெரெ லெரெ' என்று நாக்குச் சொற்களை வகை பிரித்திருக்கிறார். வேகமான இடங்களுக்குத் 'தெகெ'. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவருக்குத் 'தக' வராமலா இருக்கும்?

மேல போனா கீச்சுன்னு கத்துது.

பின்னால் உள்ள கட்டைவிரல் துளையை மேல் ஸ்தாயிக்குச் சற்றே திறக்க வேண்டும், பாதி அல்ல, நூல் அளவு. கட்டைவிரலை நகர்த்தாதீர்கள், மடித்து நகத்தால் ஒரு கீற்று விடுங்கள். நகம் நீளமாக இருந்தால் வெட்டுங்கள். டெனரில் மேல் ஸ்தாயி இயல்பிலேயே கொஞ்சம் மெலிதுதான், அதற்காகக் குழலை மாற்ற வேண்டியதில்லை.

அரை மணி நேரத்துல வலது கட்டைவிரல் வலிக்குது.

டெனரின் பாரம் முழுக்க அந்த ஒரு விரலில் நிற்கிறது. பின்பக்கம் கட்டைவிரல் தாங்கி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தனியாக மாட்டக் கிடைக்கும். ஆட்காட்டிவிரலுக்கும் நடுவிரலுக்கும் நேர் பின்னால் அது வர வேண்டும். கழுத்துப் பட்டை மாட்ட வளையம் இருந்தால் இன்னும் நல்லது. சாக்சஃபோன்காரர்கள் போடுகிற மாதிரி. முதல் மாதம் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வாசியுங்கள். வலி மணிக்கட்டுக்கு ஏறினால் அது பழகாத வலி அல்ல, எட்டாத வலி. கை எட்டுவது பற்றிய பதிலை மறுபடி படியுங்கள்.

நான் இடதுகைக்காரன். எனக்குன்னு தனியா இருக்கா?

சுமார் 1600 வரை வாழ்ந்திருந்தால் உங்களுக்கு யோகம். அந்தக் காலத்துக் குழல்களில் சுண்டுவிரல் துளையை இரு பக்கமும் போட்டிருப்பார்கள்; எந்தக் கை கீழே வருகிறதோ அதற்கேற்ப மற்றதை மெழுகால் அடைத்துக்கொள்ளலாம். இன்றைய குழல்கள் பெரும்பாலும் இடது கை மேலே என்று வைத்துச் செய்தவை, கீயும் அப்படியே. இரண்டு கைக்கும் சம வேலை என்பதால், எனக்குத் தெரிந்த இடதுகைக்காரர்கள் பொதுவான முறையிலேயே சிரமமில்லாமல் வாசிக்கிறார்கள்.

எனக்குப் புல்லாங்குழல் கொஞ்சம் தெரியும். இதுல கர்நாடக சங்கீதம் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆசைக்கு. மூங்கில் குழலில் உதடும் விரலும் சேர்ந்து கமகம் செய்கின்றன. மாலி என்று நாம் கொண்டாடும் டி.ஆர். மகாலிங்கம் அந்த ஊதுமுறையை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ரெக்கார்டரில் உதட்டுக்கு வேலையே இல்லை. மூச்சைக் கூட்டினால் ஸ்ருதி ஏறும், குறைத்தால் இறங்கும். மீதியெல்லாம் விரலை வழித்துத்தான் செய்ய வேண்டும். ஜாரு, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, ஓரளவு வரும். கமகம் நிறைந்த தோடி ராகம் வாசிக்கப் போனால் தோடியும் நோகும், நீங்களும் நோவீர்கள். கர்நாடக இசைதான் நோக்கம் என்றால் அந்தக் காசில் நல்ல மூங்கில் குழல் நாலைந்து வாங்கலாம்.

இருந்தாலும் வாசிக்கிறேன் என்பவர்களுக்கு: ஸ-வைக் கீழ் சி-யில் வைத்தால் ஒரு கட்டை, சங்கராபரணம் ஒரு ஷார்ப்பும் இல்லாமல் வந்துவிடும், ஆனால் ஸ-வுக்குக் கீழே இறங்க இடமில்லை. எஃப்பில் வைத்தால் நாலு கட்டை. அப்போது கீழ் சி மந்திர பஞ்சமம் ஆகிறது, மேலே தார பஞ்சமம் வரை கிடைக்கிறது. உருப்படிகளுக்கு இதுதான் வசதி. சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை ராகம். அதை சி-யில் வைத்தால் சுத்த ரிஷபம் கீழ் சி ஷார்ப்பில் விழும். ஒற்றைக் கீ டெனரில் அந்தச் சுரம் ஒழுங்காக வராது. இரட்டைக் கீ கட்டாயம் என்று முன்பு சொன்னது இதனால்தான்.

பிள்ளையை கிரேடு பரீட்சைக்கு அனுப்பணும். டெனர் வாங்கினா சரியா இருக்குமா?

இருக்காது. கிரேடு பரீட்சை நடத்தும் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டு அமைப்புகளிலும் பாடத்திட்டம் சொப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும்தான். டெனருக்கென்று தனியாக இல்லை. பரீட்சை நோக்கம் என்றால் சொப்ரானோவில் தொடங்கி ஆல்டோவுக்குப் போகட்டும். டெனர் சேர்ந்து வாசிக்கிறவர்களின் வாத்தியம். நாலு பேர் வாசிக்கும்போது நடுவில் இருந்துகொண்டு மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் ஒட்டவைக்கும். அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

ஊருக்கு வரும்போது எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வருவீங்களா? வழியில ஏதாவது ஆகுமா?

வாங்கி வருகிறேன், முதலில் பிவிசி குழாய்ச் சோதனையைச் செய்து புகைப்படம் அனுப்புங்கள். மூன்று துண்டாகக் கழற்றினால் கைப்பெட்டியில் அடங்கிவிடும். கீ உள்ள கால்பகுதியை மட்டும் ஒரு துண்டில் சுற்றி வைப்பேன், கம்பி வளைந்தால் நேராக்குவது பெரும்பாடு.

வந்த பிறகு உங்கள் பொறுப்பு. மே மாத வெயிலில் காருக்குள் விடாதீர்கள், பிளாஸ்டிக் வளையும். தலைப்பகுதியை வெதுவெதுப்பான நீரில் கழுவலாம், கொதிநீர் கூடாது. கீ உள்ள பகுதியை நீரில் முக்கவே கூடாது. இணைப்புகள் இறுகினால் முறுக்கித் திருகாமல், பெட்டியோடு வரும் சின்ன டப்பாவிலிருந்து கிரீஸ் தொட்டுப் பூசுங்கள். அந்த டப்பா கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். என்னுடையதைச் சோபாவுக்கு அடியிலிருந்து இதுவரை இரண்டு முறை எடுத்திருக்கிறேன்.